கைப்பேசியில் நிறுவன மின்னஞ்சல்

நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கைச் சொந்தக் கைப்பேசியில் சேர்த்துக்கொள்ளுமாறு மண்டோர்கள், கிராணிமார்கள், கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர்கள் ஆகியோர் கேட்டுக்கொள்ளப்படுவதுண்டு. சேர்க்கும்போது திரையில் சில கேள்விகள் தோன்றும். அவற்றைப் படித்துப் பாராமலே ‘சரி’ என்று அழுத்திவிடுவோர் பலர். வெற்றுத் தாளில் கைந்நாட்டு வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை என்பது நம் கருத்து. ஆகவே அக்கேள்விகளின் பொருளை இங்கு விளக்குவோம்.

முதலில், கடிதம் எங்கே இருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். தோட்டத்திற்கு வரும் தபால் முதலில் அலுவலகத்தை அடைந்து, அங்கிருந்து உரியவர் கைக்குச் செல்லும் அல்லவா? அவ்வாறே மின்னஞ்சலும் முதலில் ‘சர்வர்’ எனப்படும் வழங்கிக் கணினியை அடைகிறது. ஒவ்வொருவருக்கும் முகவரி அமைப்பதும், இன்னார் இன்ன பெட்டியைத் திறக்கலாம் என வரையறுப்பதும் அக்கணினியின் நிர்வாகியுடைய பணிகள்.

வழங்கியிலிருந்து கைப்பேசிக்குக் கடிதம் வரும் முறைகள் சில உண்டு. 1984இல் வகுக்கப்பட்ட ‘பாப்’ என்னும் முறை, கடிதத்தைக் கருவிக்குள் இறக்கியபின் வழங்கியிலிருந்து நீக்கிவிடுவது வழக்கம். கருவி தொலைந்தால் கடிதமும் தொலைந்தது. 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய ‘ஐமேப்’ முறையில் கடிதம் வழங்கியிலேயே இருக்கும். நாம் காண்பது அதன் படியே. ஆயினும் கைப்பேசியில் ஒரு கடிதத்தை அழித்தால் அது வழங்கியிலும் அழியும் என்பதை மறத்தலாகாது.

நிறுவனங்கள் பல பயன்படுத்தும் மற்றொரு முறை மைக்ரோசாஃப்டின் ‘ஆக்டிவ் சிங்க்’. நாம் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. இம்முறையில் கணக்கைச் சேர்க்கும்போது ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் ‘நிர்வாகி அனுமதி’ கேட்கப்படும். திரைப்பூட்டைக் கட்டாயமாக்குதல் அதில் ஒன்று. கைப்பேசியிலுள்ள தரவுகள் யாவற்றையும் தொலைவிலிருந்தே அழித்தல் மற்றொன்று. களவுபோன கைப்பேசியில் நிறுவனக் கடிதங்கள் பிறர் கண்ணில் படாமலிருக்க இவ்வதிகாரம் தேவைப்படுகிறது, அது நியாயமே. ஆனால் முழுக் கருவியையும் அழிக்கும் கட்டளைக்கு நிறுவனக் கடிதம் எது, மகளின் திருமணப் படம் எது என்னும் வேறுபாடு தெரியாது. வேலையை விட்டு விலகிய ஒருவரின் கைப்பேசிக்கும் அக்கட்டளையை அனுப்ப இயலும்.

இதற்கு மாற்று உண்டு. 2014இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5 முதல், பணிக்கென ஒரு தனிப் பகுதியைக் கைப்பேசிக்குள் அமைக்கும் வசதி இருக்கிறது. அவ்வாறு அமைத்தால், நிர்வாகி அழிப்பது அப்பகுதியை மட்டுமே. ‘அவுட்லுக்’ செயலியின் வழியாகக் கணக்கைச் சேர்த்தாலும் அச்செயலியில் உள்ளவை மட்டுமே அழியும். எனவே ‘சரி’ என்று அழுத்துமுன், “அழித்தால் முழுவதும் அழியுமா, அலுவலகப் பகுதி மட்டுமா?” என்று அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டியதில்லை. வேலையை விட்டு விலகுவோர் படங்களை வேறிடத்தில் படியெடுத்துக்கொண்டு, கணக்கையும் நீக்கிவிடுதல் நலம்.

சங்கங்களில் செயலாளர், பொருளாளர், கடைக் கிராணி மூவரும் ஒரே கடவுச்சொல்லால் ஒரே பெட்டியைத் திறப்பதுண்டு. யார் எதை அனுப்பினார் என்று பின்னர் கண்டறிய வழியிராது. மூவருக்கும் தனித்தனிக் கணக்கு அமைத்து, பொதுப் பெட்டியை ஒருவர் படிக்க மட்டும், மற்றொருவர் படிக்கவும் பதில் அனுப்பவும் நிர்வாகி அனுமதி வழங்கலாம். ஒருவர் பொறுப்பிலிருந்து விலகினால் அவருடைய அனுமதியை மட்டும் நீக்கினால் போதும்.

கைப்பேசி தொலைந்துவிட்டால் முதலில் வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். உடனே அலுவலகத்திற்கும், பின்னர் சிம் அட்டையை முடக்கத் தொலைபேசி நிறுவனத்திற்கும் தெரிவியுங்கள். கடிதங்கள் வழங்கியில் இருக்குமாறு அமைத்திருந்தால், புதிய கைப்பேசியில் கணக்கைச் சேர்த்தவுடன் அவை மீண்டும் வந்து சேரும்.