உண்ணும் வேளையில் ஓர் உரை: கல்லூரி மதிய இடைவேளைச் சொற்பொழிவுகளை நடத்தும் முறை

மதிய இடைவேளைச் சொற்பொழிவு என்பது, பாடவேளையையும் மாலை நேரத்தையும் தொடாமல், உணவுக்கென ஒதுக்கப்பட்ட பொழுதுக்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடிந்துவிடும் பொது உரையாகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1942 முதல் நடந்துவரும் மதிய உரைத் தொடர் இதற்கு முதன்மையான சான்று. உரைக்கு 40 நிமிடம் என்ற அளவும், கட்டணமில்லாமல் வெளியாரையும் உள்ளே விடும் வழக்கமும் அதன் அடையாளங்கள். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, போர்க்கால இருட்டடிப்பால், அதாவது விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் வெளிச்சம் வெளியே தெரியாமல் மறைக்கும் கட்டுப்பாட்டால், அந்நகரின் மாலை அரங்குகள் முடங்கியபோது, பியானோ கலைஞர் மைரா ஹெஸ் நேஷனல் கேலரியில் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மதிய இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கி 1946 வரை நடத்திக் காட்டியிருந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய கூட்டங்களுக்குப் 'பிரவுன் பேக்' என்று பெயர். வீட்டிலிருந்து பழுப்புக் காகிதப் பையில் உணவு கொண்டுவந்து, தின்றுகொண்டே கேட்பது அங்குள்ள வழக்கம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கவிஞர் ராபர்ட் ஹாஸ் தொடங்கிய 'லஞ்ச் போயம்ஸ்' என்னும் கவிதை வாசிப்பு 12.10-க்குத் தொடங்கி 12.50-க்கு முடியும்படி அமைந்தது. எதையும் மணிக்குப் பத்து நிமிடம் கழித்தே தொடங்கும் அந்த வளாகத்தின் பழைய பழக்கத்தை மாற்ற முயலாமல், அதற்குள்ளேயே தன்னைப் பொருத்திக்கொண்டது அந்நிகழ்ச்சி.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இவ்வடிவத்தைப் பின்பற்ற முயன்றோரின் அனுபவம், முதல் தடையாக மேடை மரபையே சுட்டுகிறது. தமிழ்த்தாய் வாழ்த்தின் மீது பழிபோட இடமில்லை. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையின்படி அதைப் பாட 55 விநாடிகளே ஆகும். அதன்பின் குத்துவிளக்கு ஏற்றல், துறைத்தலைவரின் வரவேற்புரை, முதல்வரின் தலைமையுரை, பேச்சாளரின் பட்டங்களையும் பதவிகளையும் வரிசையாக வாசிக்கும் அறிமுகவுரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, புகைப்படத்துக்காக அதே நினைவுப்பரிசை மீண்டும் ஒருமுறை வழங்குதல் என்று நிகழ்வு நீளும்போது, ஐம்பது நிமிட இடைவேளையில் முக்கால் பங்கு கரைந்து, பேச வந்தவர் "நேரமின்மை கருதி" என்று தொடங்கவேண்டிய நிலை உண்டாகிறது. மாலை விழாவுக்குப் பொருந்தும் இம்மரியாதைகளை இடைவேளைக் கூட்டத்துக்கு வேறிடத்தில் செய்துவிடுவதே தக்கது: பொன்னாடையும் பரிசும் முதல்வர் அறையில், தேநீருடன், கூட்டத்துக்கு முன்பே முடியலாம், பேச்சாளரின் தகுதிகளை அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே ஒட்டிவிட்டால், அரங்கில் இரண்டு வாக்கியங்களில் அவரை அறிமுகப்படுத்திவிடலாம். இதற்கு நிர்வாகத்தின் இசைவை முதல் உரைக்கு முன்பே பெற்றுவிடவேண்டும்; ஒருமுறை முழு விழாவாக நடந்துவிட்டால், அடுத்த முறை குறைப்பது அவமதிப்பாகத் தோன்றும்.

நாளைத் தேர்வு செய்வதில் கால அட்டவணையை அலுவலகத்தில் கேட்பதைவிட, மாணவர்களிடம் கேட்பது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகை நேரமாதலால், அன்று கூட்டம் வைப்பது இசுலாமிய மாணவரையும் ஆசிரியரையும் அழைக்காமல் விடுவதற்குச் சமம். இரு ஷிஃப்ட் முறையில் இயங்கும் கல்லூரிகளில் முதல் ஷிஃப்ட் மாணவர் பேருந்துக்கு விரையும் நேரமும் இரண்டாம் ஷிஃப்ட் மாணவர் வந்துசேரும் நேரமும் மதியத்திலேயே மோதுவதால், அங்கு யாருக்காக உரை நடத்தப்படுகிறது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். பிற்பகல் ஆய்வகம் இருக்கும் வகுப்பினர் வரமாட்டார்கள்; அகமதிப்பீட்டுத் தேர்வு வாரத்தில் எவருமே வரமாட்டார்கள்.

உணவைப் பற்றிய முடிவு, பேச்சாளரைப் பற்றிய முடிவுக்கு இணையானது. ஆயினும் பெரும்பாலும் கடைசியாகவே எண்ணப்படுகிறது. குளிரூட்டிய கருத்தரங்கக் கூடம் கையில் இருக்கிறதே என்பதற்காக அதையே தேர்வதுண்டு. ஆனால் அங்கே தரையில் கம்பளமும், முன்னால் பலகை இல்லாத நாற்காலிகளும் இருப்பதால், டிபன் பாக்ஸை மடியில் வைத்துத் திறக்கும் மாணவி, ஒரு கையில் மூடியும் மறு கையில் சாம்பார் சாதமுமாகக் குறிப்பெடுக்க வழியின்றித் தவிப்பார். சாண்ட்விச்சுக்காக உருவான ஏற்பாடு கையால் பிசைந்துண்ணும் உணவுக்கு அப்படியே பொருந்தாது. நீண்ட பெஞ்சும் டெஸ்க்கும் உள்ள, கைகழுவும் குழாய்க்குப் பக்கத்திலுள்ள சாதாரண வகுப்பறையே சிறந்தது. வாசலில் ஒரு குப்பைத்தொட்டியும் வேண்டும். எவர்சில்வர் மூடிகள் திறக்கும் ஓசையும் கைகழுவப் போய்வரும் நடமாட்டமும் அடங்க முதல் பத்து நிமிடத்தை உண்பதற்கென்றே வெளிப்படையாக விட்டுவிட்டு, அதன்பின் உரையைத் தொடங்கினால், பேசுவோரும் கேட்போரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளவேண்டிய நிலை வராது. விடுதி மாணவரின் நிலை வேறு: மெஸ் மூடும் நேரத்துக்குள் அவர்கள் உண்டாகவேண்டும் என்பதால், காப்பாளரிடம் சொல்லி அவர்களுக்கு மட்டும் எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ பொட்டலமாக வாங்கிவைக்காவிட்டால், அவர்கள் ஒருமுறை பட்டினி கிடந்தபின் மறுமுறை வரமாட்டார்கள். பேச்சாளர் முன்னதாக உண்பாரா, பின்னரா என்பதையும் அழைக்கும்போதே கேட்டுவிடவேண்டும்; பசியோடு இருப்பவரை உண்போர் முன் பேச நிறுத்துவது எந்த மரபிலும் விருந்தோம்பல் ஆகாது.

பிற்பகல் தொடக்கத்தில் வரும் சோர்வு உணவால் மட்டும் உண்டாவதன்று. உடலின் உள்கடிகாரம், அதாவது உறக்கத்தையும் விழிப்பையும் நாள்தோறும் ஒழுங்குபடுத்தும் இயக்கம், சாப்பிடாதவருக்கும் அந்நேரத்தில் விழிப்பைச் சற்றுத் தளர்த்துகிறது. ஆகவே இருபத்தைந்து நிமிடத்துக்கு மேற்பட்ட உரை இந்த வேளைக்கு ஏற்றதன்று. விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டுவதைத் தவிர்க்கவேண்டும். பேச்சாளர் தேர்வில் புகழைவிடத் தொலைவே முக்கியம். தலைநகரிலிருந்து வரும் பிரபலர் போக்குவரத்து நெரிசலில் அரைமணி தாமதித்தால் மாலைக் கூட்டம் காத்திருக்கும், இடைவேளை காத்திருக்காது. அதே ஊரின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், நில அளவையர், வங்கிக் கடன் பிரிவு மேலாளர், நீதிமன்ற வழக்கறிஞர் ஆகியோர் தம் வேலையில் அன்றாடம் கண்டதைச் சொல்லும்போது, வாழ்க்கையில் வெற்றிபெறுவது எப்படி என்னும் பொதுவான ஊக்க உரைகளைவிட மாணவர் கூர்ந்து கேட்பது பலமுறை காணப்பட்டுள்ளது. நில அளவையர் ஒருவர் புலப்படம் ஒன்றை விரித்து, எல்லைக்கல் பிடுங்கப்பட்ட வயலை மீண்டும் அளப்பது எப்படி என்று காட்டினாலே இருபத்தைந்து நிமிடம் போதாது.

கூட்டம் சேர்க்க ஒரு வகுப்பையே அழைத்துவந்து உட்காரவைப்பதும், வந்தவருக்கு 'ஓடி' அளிப்பதும், அதாவது கல்லூரிப் பணியின்பொருட்டு வகுப்புக்கு வராததை வருகையாகக் கணக்கிடுவதும், அரங்கை நிரப்பித் தொடரைக் கெடுக்கும் வழிகள். நாக் மதிப்பீட்டுக்கு, அதாவது உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய அமைப்பின் ஆய்வுக்கு, இடக்குறியிட்ட புகைப்படமும் வருகைப் பட்டியலும் அறிக்கையும் தேவைப்படுவது உண்மையே. ஆனால் நாற்பது பேர் கொள்ளும் அறையில் தாமாக வந்த முப்பது பேரின் படமும் அதற்குப் போதுமானது. முந்நூறு இருக்கைகளில் அதே முப்பது பேர் தோல்வியாகத் தெரிவார்கள். கேள்வி நேரத்தில் முதல் வாய்ப்பு மாணவருக்கே என்று முன்கூட்டியே அறிவிப்பது, கேள்வியென்ற பெயரில் தனியுரை நிகழ்த்தும் ஆசிரியரிடமிருந்து அரங்கைக் காக்கும். கேட்கத் தயங்குவோருக்குத் துண்டுச்சீட்டு உதவும். தமிழில் கேட்கலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும், உரை தமிழிலேயே நிகழ்ந்திருந்தாலும்.

90 வேலைநாள் கொண்ட ஒரு பருவத்தில் வாரந்தோறும் உரை என்று அறிவித்துப் பாதியில் நிறுத்துவதைவிட, இரு வாரத்துக்கு ஒன்றாக ஐந்தாறு உரைகளை ஒரே கிழமையில், ஒரே அறையில், ஒரே நேரத்தில் நடத்துவது நீடிக்கும். அழைக்கப்பட்டவர் காலையில் தொலைபேசியில் வர இயலாமையைத் தெரிவிப்பது எல்லாத் தொடர்களிலும் நேர்வதால், வளாகத்திலேயே இருக்கும் ஒருவரை, நூலகரையோ தாவரவியல் ஆய்வக உதவியாளரையோ, பருவத் தொடக்கத்திலேயே மாற்றுப் பேச்சாளராக ஒப்புக்கொள்ளச் செய்து தலைப்பையும் கேட்டு வைத்திருந்தால், அறிவிப்புப் பலகையில் பெயரை மாற்றி எழுதுவது ஒன்றே மிச்ச வேலையாக இருக்கும்.