காசெட் ஒலிப்பதிவுகளைக் கணிப்பொறிக்கு மாற்றுதல்

1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய காசெட், ஒலிப்பதிவை எளிமையாக்கியது. மின்கலத்தில் இயங்கும் சிறு கருவியுடன் ஆய்வாளர்கள் மின்வசதியற்ற சிற்றூர்களுக்கும் சென்று, நாட்டுப்புறப் பாடல்களையும் வட்டார வழக்குகளையும் முதியோரின் நினைவுரைகளையும் பதிவு செய்தனர். வெளிநாட்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் செய்த பதிவுகளின் படிகளை இங்கேயே கிடைக்கச் செய்யும் நோக்குடன், இசை இனவியலுக்கான ஆவணக் காப்பகம் ஒன்றை அமெரிக்க இந்திய ஆய்வுக் கழகம் 1982இல் நிறுவியது. இன்று அது குருகிராமில் இயங்குகிறது. ஆயினும், காப்பகங்களைச் சென்றடையாமல் கல்லூரி அலமாரிகளிலும் வீடுகளிலும் தங்கிவிட்ட காசெட்டுகள் பல.

இருவகை இடர்

காசெட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதன்மீது படிந்துள்ள காந்தத் துகள்களே ஒலியைத் தாங்குகின்றன. வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் நாடாவில் பூஞ்சை படர்கிறது. துகள்களைப் பிணைக்கும் பசையும் நலிவடைகிறது. இது முதல் இடர். இயக்கும் கருவிகளும் உதிரி உறுப்புகளும் அவற்றைப் பழுது பார்ப்போரும் அருகி வருவது இரண்டாவது. யுனெஸ்கோ அமைப்பும் பன்னாட்டு ஒலி, ஒளிக் காப்பகச் சங்கமும் 2019இல் விடுத்த எச்சரிக்கை இவ்விரண்டாம் இடரையே வலியுறுத்தியது.

மாற்றும் முறை

முதலில், காசெட்டின் விளிம்பிலுள்ள பதிவுத் தடுப்புத் தகட்டை அகற்றிவிட வேண்டும். தவறுதலாக அழிவது இதனால் தவிர்க்கப்படும். பூஞ்சை படர்ந்த நாடாவைத் தூய்மை செய்யாமல் இயக்கலாகாது. கருவியின் ஒலிமுனையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன் சாய்வை ஒவ்வொரு நாடாவுக்கும் ஏற்பத் திருத்துதல் இன்றியமையாதது. சாய்வு பிசகினால் உச்ச ஒலிகள் மங்கும். அவற்றைப் பின்னர் முழுமையாக மீட்க இயலாது. டால்பி முறையில் பதிவானவற்றை அம்முறையிலேயே இயக்க வேண்டும். மூலக் கோப்பில் இரைச்சலை நீக்க முற்படலாகாது. அத்தகைய திருத்தங்களைப் படியில் மட்டுமே செய்தல் முறையாகும்.

காலமும் விவரக் குறிப்பும்

வினாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்னும் அளவில், இரு தடங்கள் கொண்ட ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் இடம் போதும். 60 நிமிடக் காசெட்டுகள் 500 இருப்பின், அவை அனைத்தும் ஒரு சிறிய வன்தட்டில் அடங்கிவிடும். எனவே, இடம் ஒரு தடையன்று, காலமே தடை. ஒரு மணி நேரப் பதிவை மாற்ற ஒரு மணி நேரம் தேவை. ஒரே கருவியைக் கொண்டு நாளொன்றுக்கு 5 மணி நேரம் இயக்கினாலும், அப்பணிக்கு 100 வேலை நாட்கள் ஆகும். ஆதலின், வேறெங்கும் படியில்லாதவற்றுக்கும் நலிவுற்றவற்றுக்கும் முதலிடம் அளித்தல் வேண்டும்.

பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எம்மொழி என்னும் குறிப்புகளையும் கோப்புடன் சேர்த்து, படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்துக் காப்பது அவசியம். குரலை அடையாளம் காட்டக்கூடியவர்கள் உள்ளபோதே இக்குறிப்புகளைத் திரட்ட வேண்டும். நாடா சில ஆண்டுகள் தாங்கக்கூடும். அவர்களின் நினைவு அதுவரை காத்திராது.