கண்ணாடிச் சிலேட்டு

சிலேட்டு எல்லோருக்கும் தெரியும். பலப்பத்தால் எழுதலாம். துணியால் அழிக்கலாம். மறுபடி எழுதலாம்.

இப்போது வேறொரு சிலேட்டு வந்திருக்கிறது. இதன் முகம் கண்ணாடி. இதற்குப் பலப்பம் வேண்டாம், விரல் போதும். இதை டேப்லெட் என்கிறார்கள். சுருக்கமாக டேப் என்றும் சொல்வதுண்டு. மருந்துக் கடையில் டேப்லெட் என்றால் மாத்திரை. இங்கே அதற்குப் பலகை என்று பொருள். தமிழில் கைக்கணினி என்று எழுதுகிறார்கள்.

இது கைப்பேசியைவிடப் பெரியது. மேசைக் கணினியைவிடச் சிறியது. பெரும்பாலும் அரைக் கிலோ எடை இருக்கும். படுத்துக்கொண்டே படிக்கலாம். பையில் வைத்து எடுத்துப் போகலாம்.

விரல் பட்டதும் இது எப்படி வேலை செய்கிறது? கண்ணாடியோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதில் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் உண்டு. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் தொட்ட இடத்தில் மின்னூட்டம் மாறும். எந்த இடம் என்று கருவி கண்டுபிடித்துக்கொள்ளும். அதனால் அழுத்த வேண்டியதில்லை, தொட்டாலே போதும். நகத்தால் தட்டினால் கேட்காது. ஈரக் கையால் தொட்டால் தடுமாறும். பாத்திரம் கழுவிவிட்டு வருபவர் முதலில் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இதற்கான முயற்சி முன்பே தொடங்கியது. பெங்களூர் அறிவியலாளர்கள் சிம்ப்யூட்டர் என்ற சிறு கருவியை உருவாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். 2004இல் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் அதிகம் பரவவில்லை. 2010இல் அமெரிக்காவில் ஐபேட் வந்தது. 2011 அக்டோபரில் மாணவர்களுக்காக ஆகாஷ் என்ற மலிவான கைக்கணினியை மத்திய அரசு வெளியிட்டது. விலை குறைவுதான், வேகமும் குறைவு. 2021 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் கைக்கணினியைப் பார்த்தே வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார்.

வீட்டில் இதனால் என்ன பயன்? பிள்ளைகள் பாடம் பார்க்கிறார்கள். தாத்தா செய்தித்தாள் படிக்கிறார். எழுத்து சிறிதாக இருந்தால் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குகிறார். பாட்டி வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் முகம் பார்த்துப் பேசுகிறார். இ-சஞ்சீவனி மூலம் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பதும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு இணையம் வேண்டும். சேமித்து வைத்த புத்தகமும் படமும் இணையம் இல்லாமலே திறக்கும்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் என்ற பகுதி இருக்கிறது. வராகர் கோயிலும் பெரிய குளமும் உள்ள இடம். இந்தக் கோட்டைப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். கைக்கணினிக்கு இரண்டும் தெரியும். அமைப்புகள் என்ற பக்கத்தில் மொழியை மாற்றலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவருக்கு அது வாய்விட்டுப் படித்தும் காட்டும்.

ஸ்ரீவராகம் மாநகராட்சியைச் சேர்ந்தது. 2024 ஜனவரி 1 முதல் கேரள நகரங்களில் கே-ஸ்மார்ட் என்ற ஏற்பாடு வந்தது. பிறப்புச் சான்று, வீட்டு வரி போன்றவற்றுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அலுவலக ஜன்னல் கண்ணாடிச் சிலேட்டுக்குள் வந்துவிட்டது. இது வசதிதான். ஆனால் அந்த ஜன்னலைத் திறக்கத் தெரியாதவர் மறுபடி பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும்.

இதை முதலில் உணர்ந்த ஊர்களில் ஒன்று, அதே மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி. அங்கே நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலேயே பாடம் நடத்தினார்கள். மண்வெட்டியை வைத்துவிட்டுக் கைப்பேசியைத் தொட்டுப் பழகினார்கள். 2022 செப்டம்பரில் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சி ஆனது. 2025 ஆகஸ்டில் கேரளம் முழுவதற்கும் அதே அறிவிப்பு வந்தது. 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கற்றிருந்தார்கள். நூறு வயதைத் தாண்டியவரும் அவர்களில் இருந்தார்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. முதிய வயதில் எழுத்துக் கற்றவர். அந்த நாட்களில் கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். இப்போது விரல் மறுபடி முன்னால் வந்திருக்கிறது.

ஒருவர் கைக்கணினியோடு வீட்டுக்கு வருகிறார். "பாட்டி, இங்கே தொடுங்க, இதில் விரல் வையுங்க" என்கிறார். இவை இரண்டும் வேறு வேறு. திரையில் சம்மதம் என்ற இடத்தைத் தொடுவது கையெழுத்துப் போட்டதற்குச் சமம். பக்கத்தில் இருக்கும் சிறு கருவியில் விரல் வைத்தால் ஆதார் ரேகை பதிவாகும். அந்த ரேகையைக் கொண்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். எனவே முதலில் கேளுங்கள். இது எதற்கு? எவ்வளவு பணம்? திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிப் படியுங்கள். படிக்க அவகாசம் தராதவரிடம் விரல் வைக்காதீர்கள். பணம் எடுத்தால் ரசீது வாங்குங்கள். ஆதார் ரேகையைப் பூட்டி வைக்கவும் வழி உண்டு. ஆதார் செயலியில் அதைச் செய்யலாம்.

கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்பவரிடமும்தான்.

ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம். எந்த வங்கி, எவ்வளவு பணம், எப்போது போனது என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேசுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.