புகைபோக்கித் துப்புரவு

தீயைப் போற்றுவார் பலர். அத்தீயின் புகை போகும் வழியைப் போற்றுவார் சிலரே. வெயில் மிகுந்த சமவெளியில் வாழும் நமக்குக் குளிர்காயும் அடுப்பு அயல்நாட்டுப் பொருளாகத் தோன்றலாம். ஆயின், நெருப்பணுகிக் குளிர்காய்தல் தமிழர்க்குப் புதியதன்று. கூதிர்க்காலத்தின் கடுமையைப் பாடும் நெடுநல்வாடை, அகன்ற வாயையுடைய தடவில் இட்ட செந்நெருப்பை மக்கள் நாடுதலைக் கூறுகின்றது. தடவு என்பது பின்னாளில் இந்தளம் என்றும் கணப்புச் சட்டி என்றும் வழங்கிய கலம். அதற்குப் புகைபோக்கி இல்லை. சுவரிற் பதித்த கணப்படுப்பிற்கோ புகைபோக்கியே உயிர்.

இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலேம், ஏலமலையிற் கற்றேம். சென்ற கோடை விடுமுறையில், வகுப்புத் தோழர் ஒருவருடன் போடிநாயக்கனூரினின்று புறப்பட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்து, அதற்கு அப்பால் மலைச்சரிவில் உள்ள அவர்தம் பெரியப்பாவின் தோட்ட வீட்டில் சில நாள் தங்கினோம். முதல் நாள் மாலையே மழை பிடித்துக்கொண்டது. கூடத்திலிருந்த பழைய கணப்படுப்பில் விறகடுக்கித் தீ மூட்டினோம். புகை மேலே செல்லாது கூடத்தை நிறைத்தது. கண் எரிந்தது, தலை நொந்தது. இறுதியில் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டுக் குளிரிலேயே உறங்கினோம்.

மறுநாட் காலையிற் பெரியப்பா, ஏலக்காய் ஸ்டோர்களின் புகைக்குழாய்களைத் துப்புரவு செய்யும் முதியவர் ஒருவரை வரவழைத்தார். அவர் தொழிலின் அருமையை அறிய, ஸ்டோரின் அமைப்பை அறிதல் வேண்டும். பறித்த பசுங்காயில் நூற்றுக்கு 80 பங்கு அளவிற்கு ஈரம் உண்டு. அதனைப் 10 பங்கு அளவிற்குக் குறைத்தல் வேண்டும். பசுமையும் மணமும் கெடுதல் கூடாது. ஆதலின், ஏறத்தாழ 45 முதல் 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் அளவு காய்களை உலர்த்துவர். விறகு எரியும் உலை அறைக்குப் புறத்தே இருக்கும். உலையிலிருந்து புறப்படும் தகட்டுக் குழாய் அறையினூடே சென்று புகைபோக்கியில் முடியும். காய்க்கு வேண்டுவது குழாயின் வெம்மையே, புகையன்று. குழாய் அடைபட்டாலோ ஓட்டையானாலோ புகை அறையிற் புகுந்து காயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். ஏலத்தில் விலை வீழும். இந்நாளில் எரிவாயு முதலியவற்றால் இயங்கும் உலர்த்திகளும் வந்துள்ளன. எனினும் விறகுலை முற்றும் மறைந்திலது.

புகைக்கரி சேர்வது எங்ஙனம்? விறகு முற்றும் எரியாதபோது, அதினின்றும் எழும் ஆவி குளிர்ந்த குழாய்ச் சுவரிற் பட்டு ஒட்டிக்கொள்கின்றது. முதலில் அது பொடியாக இருக்கும். பின்னர்ச் செதிள் செதிளாகும். நாட்பட்டால் தார் போல் இறுகிப் பளபளக்கும். ஈரவிறகு இக்கேட்டை விரைவுபடுத்தும். இக்கரி தானே எரியும் இயல்பினது. ஆதலின் புகைபோக்கியினுள்ளேயே தீப்பற்றிக் கூரையையும் அழிக்கக்கூடும். கரியினும் கொடியது கார்பன் மோனாக்சைடு என்னும் வளி. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள செந்நிறப் பொருளோடு அது உயிர்வளியினும் 200 மடங்கிற்கு மேல் வலிமையாகப் பிணையும். வழி அடைபட்ட அடுப்பையோ கரிச்சட்டியையோ மூடிய அறையில் வைத்து உறங்குவோர் விழிக்காமலே மாய்வது இதனாலேயாம்.

முதியவர் செய்த முறையை வரிசையாகக் கூறுவோம். முதலாவது, அடுப்பு முற்றும் ஆறியதைக் கையால் தொட்டறிந்தார். சாம்பலுள் மறைந்த தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும் ஆதலின், சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் இட்டு வீட்டிற்கு வெளியே வைத்தார். இரண்டாவது, தரையில் சாக்குகளை விரித்து, அடுப்பின் வாயை ஈரத்துணியால் மூடி, தம் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டார். மூன்றாவது, கூரைமேல் ஏறிப் பறவைக்கூட்டை எடுத்தெறிந்தார். நான்காவது, மூங்கிற்கழிகளை ஒன்றோடொன்று பிணைத்து, நுனியிற் கம்பித்தூரிகை பூட்டி, மேலிருந்து கீழாகப் பலமுறை தேய்த்தார். ஐந்தாவது, கரி அடங்கும்வரை பொறுத்திருந்து, துணியை நீக்கி, விழுந்த கரியை அள்ளினார்.

குழாய் வளையும் இடத்தில் மட்டும் இறுகிய கரி அசையவில்லை. அருகில் நின்ற பெரியப்பாவின் இளைய மகன், பன்னிரண்டு வயதினன், மெலிந்த உடலினன், “தாத்தா, நான் உள்ளே புகுந்து சுரண்டிவிடுகிறேன்” என்றான். முதியவர் கையை நீட்டி அடுப்பின் வாயை மறித்தார். “வேண்டாம் தம்பி. உன் வயதில் என்னை உலைக்குள் இறக்கினார்கள். அந்தக் கரி இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது” என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் இருமல் வந்து அச்சொல்லுக்குச் சான்றாயிற்று. பின்னர் அவர் நீண்ட கைப்பிடியுள்ள சுரண்டியொன்றைக் கொணர்ந்து, நண்பகல் வரை இருந்து, அவ்வளைவைத் தாமே தூய்மை செய்தார்.

அன்றிரவு யாம் இங்கிலாந்தின் வரலாற்றை எண்ணினேம். அங்கே சிறுவர்களைக் குறுகிய புகைபோக்கிகளுள் ஏற்றித் துப்புரவு செய்வித்தனர். அத்தொழிலினருக்குப் புகைக்கரியால் புற்றுநோய் உண்டாவதைப் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் 1775-இல் எழுதினார். 1803-இல் ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் கழிகளை இணைத்துச் செலுத்தும் தூரிகைக் கருவியை இயற்றினார். ஆயினும், 1875-இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் புகைபோக்கியுட் சிக்கி இறந்த பின்னரே, அவ்வாண்டின் சட்டத்தால் அக்கொடுமை ஒழிந்தது. கருவி பிறந்து 72 ஆண்டுகள் கழிந்தன. இரக்கம் பிறக்க அத்துணைக் காலம் ஆயிற்று.

துப்புரவு முடிந்ததும் முதியவர் ஒரு தாளைக் கொளுத்தி அடுப்பினுட் பிடித்தார். புகை நூல் பிடித்தாற்போல் நேரே மேலெழுந்தது. “ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் பாருங்கள், காய்ந்த விறகையே இடுங்கள்” என்று கூறி, கூலி பெற்று, கழிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு சென்றார். அன்று மாலையும் மழை பெய்தது. கூடம் வெம்மையுற்றது, ஒருவர் கண்ணும் எரியவில்லை. ஆயின், நம் குளிர் தீரும்பொருட்டு எவர் நெஞ்சில் கரி படிகின்றது என்னும் வினா எம்மை விட்டு நீங்கவில்லை. அடுப்பங்கரையில் அமர்வோர் யாவரும் அவ்வினாவை ஒருமுறையேனும் கேட்டல் நன்று.