உடம்பு கொதிக்குது, ஏன் குளிருது?

காய்ச்சல் 102 டிகிரி. தொட்டால் சுடுகிறது, ஆனாலும் என் மகன் குளிரில் நடுங்குகிறான். போர்த்திவிடலாமா, கூடாதா?
– வாசகி, தேனி

தாராளமாகப் போர்த்திவிடுங்கள், மெல்லிய போர்வையாக. பையன் நடிக்கவில்லை! உடல் சூட்டை நிர்வகிப்பது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸ். கிருமி நுழைந்ததும் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின், ஏசி ரிமோட்டில் எண்ணைக் கூட்டுவதுபோல, அதன் இலக்கை 98.6-லிருந்து 103-க்கு ஏற்றிவிடுகிறது. அந்தக் கணக்கில் 102 என்பது குளிர்ச்சிதான். உடனே தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தசைகள் நடுங்கிச் சூடு உண்டாக்கும். பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்ததும் இலக்கு இறங்கி, வியர்த்துக் கொட்டும். அப்போது போர்வையை எடுத்துவிடுங்கள். ஐஸ் ஒத்தடம் வேண்டாம், நடுக்கம்தான் கூடும். கஞ்சி, இளநீர் நிறையக் கொடுங்கள். மூன்று நாளில் விடாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.