கீழே என்ன கடை இருக்கிறது?

சிங்கப்பூரில் வாடகைக்கு அறை பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்பது அடுப்பைப் பற்றித்தான். 'சமையல் கூடாது', 'லைட் குக்கிங் மட்டும்' என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். லைட் குக்கிங் என்றால் சோறு வைக்கலாம், முட்டை அவிக்கலாம், மேகி கிண்டலாம். தாளிக்கவோ மீன் வறுக்கவோ பெரும்பாலும் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகை பேசும்போது, நாம் குடிபோவது அந்த அறைக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் சேர்த்துத்தான்.

புளோக்கின் அடித்தளத்தில் கோப்பிக்கடை இருப்பதைக் காட்டி, "சாப்பாட்டுக்குப் பிரச்சினையே இல்லை" என்பார் முகவர். கோப்பிக்கடையில் ஏழெட்டுக் கடைகள் இருந்தால் அதிகம். இரண்டாவது வாரமே நாக்கு சலித்துவிடும். உணவங்காடி நிலையம் அப்படியில்லை. காலையில் தோசை, மதியம் சீனர் கடையில் நாலைந்து வெள்ளிக்குக் காய்கறியும் கோழியும் வைத்த சோறு, ராத்திரி மீன் சூப் என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். சைவக்காரர்கள் சீனர் சைவக் கடை இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். அங்கே காலையில் கிடைக்கும் பீஹூன் எனும் அரிசி சேமியா மலிவு, வயிற்றுக்கும் இதம். முட்டை சேர்ப்பார்களா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பேட்டையில் உணவங்காடி பக்கத்தில் இருக்கும் என்பதைப் பேட்டையின் வயதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். தெருவோர வியாபாரிகளுக்கு நிரந்தர இடம் கொடுப்பதற்காக 1970களிலும் 80களின் முற்பாதியிலும் அரசாங்கம் வரிசையாக உணவங்காடிகளைக் கட்டியது. 1986க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டது. மறுபடியும் கட்டப்போவதாக அறிவித்தது 2011இல்தான். புதுப் பேட்டைகளான செங்காங்கும் பொங்கோலும் அந்த இடைவெளியில் உருவாகத் தொடங்கியவை. பொங்கோலில் 2022இல்தான் ஓர் உணவங்காடி திறந்தது. தோ பாயோ, பிடோக், அங் மோ கியோ போன்ற பழைய பேட்டைகளில் மின்தூக்கி மெதுவாக வரலாம். ஆனாலும் இறங்கினால் சோறு உண்டு. பளபளக்கும் புது வீடா, பழைய பேட்டையா என்றால் நான் யோசிக்காமல் பழைய பேட்டைக்கே போவேன்.

காய்ச்சலில் கிடந்தபோதுதான் இதன் அருமை எனக்கு முழுசாகத் தெரிந்தது. கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாத ஊரில், அடுத்த புளோக்கில் சுடச்சுட மீன் கஞ்சி கிடைத்தது. தினமும் பார்க்கிற முகம் என்பதால் கடைக்கார ஆன்ட்டி கேட்காமலே இஞ்சியைக் கூடுதலாகப் போட்டார். ஊரைவிட்டு வந்து தனியாக இருக்கிறவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை.

வீடு பார்க்கப் போகிற நேரமும் முக்கியம். முகவர்கள் சனிக்கிழமை மதியம் கூப்பிடுவார்கள், அப்போது பெரும்பாலான கடைகள் திறந்திருக்கும். நீங்கள் வேலை முடிந்து வழக்கமாக எத்தனை மணிக்குத் திரும்புவீர்களோ, அந்த நேரத்துக்கு ஒரு வார நாளில் போய்ப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கே முக்கால்வாசிக் கடைகள் மூடிவிடுகிற உணவங்காடிகள் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை விடுகிற கடைகளும் நிறைய. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு விடிகாலையில் எந்தக் கடை திறக்கிறது என்பதுதான் கணக்கு.

கோப்பிக்கடைக்கு நேர் மேலே உள்ள முதல் இரண்டு மாடிகள் வேண்டாம். எண்ணெய்ப் புகை, கரப்பான், ராத்திரி பீர் மேசைப் பேச்சு மூன்றும் ஜன்னல் வழியாக வரும். ஒரு புளோக் தள்ளியிருப்பது நல்லது.

தாராளமாகச் சமைக்க விடுகிற வீடு கிடைத்துவிட்டால் கணக்கே வேறு. அப்போது பார்க்க வேண்டியது ஈரச்சந்தை. பெரும்பாலும் மதியத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், அலுவலகம் போகிறவர்களுக்கு வார இறுதிக் காலைதான் வாய்க்கும். முருங்கைக்காய், வாழைப்பூ, ஆய்ந்த கீரை என்று மனம் தேடினால் தேக்கா சந்தைக்குத்தான் போக வேண்டும். வீட்டு வாசலிலிருந்து அங்கே நேராக ஒரு பேருந்து இருந்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம்.

ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த உணவங்காடி பழுதுபார்ப்புக்காக மூடப்படுகிறதா என்று பார்த்துவிடுங்கள். துப்புரவுக்காகச் சில நாள் மூடுவது வழக்கம், அதைச் சமாளிக்கலாம். மேம்பாட்டுப் பணி என்றால் மாதக்கணக்கில் போகும். மூடும் தேதிகளைத் தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிடுகிறது. கோப்பி கலக்குகிற அங்கிளிடம் கேட்டாலும் சொல்வார்.