ரிங்கைத் திருகினால் ஸ்பிரிங் மாறாது

அன்புள்ள கதிரவனுக்கு,

அப்பாவின் பழைய புல்லட்டுக்குப் பின் ஷாக் இரண்டையும் மாற்றப் போவதாகவும், கேஸ் டப்பா வைத்ததை வாங்கலாமா, சாதாரண ஆயில் ஷாக்கே போதுமா என்றும் கேட்டு எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: எதை வாங்கினாலும் அடியில் இருக்கும் ரிங்கைத் திருகி ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னாராம். அந்த வரிதான் என்னை உறுத்துகிறது. அவர் சொல்லட்டும், பாவம். டிப்ளமோ முடித்தவன் நீ. ஹூக் விதியைப் பரீட்சைத் தாளில் எழுதி மார்க் வாங்கியவன், வண்டிக்குப் பக்கத்தில் குனிந்ததும் அதை எப்படி மறக்கிறாய்?

சுருள் ஸ்பிரிங்கின் கெட்டித்தனத்தை முடிவு செய்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, பிறகு எஃகின் தன்மை. இவற்றில் கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. மற்றவை மாறாமல் 8 மி.மீ. கம்பியை 9 மி.மீ. ஆக்கினால் கெட்டித்தனம் 60 சதவீதம் கூடிவிடும். ரிங் இதில் எதையாவது தொடுகிறதா? ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தூக்கி வைக்கிறது, அவ்வளவுதான்.

கணக்காகவே போடுகிறேன், பென்சில் எடுத்துக்கொள். ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 2 கிலோ வேண்டும் என்று வை. இரண்டு பக்கமும் சேர்ந்தால் 4 கிலோ. வண்டியின் பின்பாகமும் உன் எடையில் பின்னால் விழும் பங்கும் சேர்ந்து 120 கிலோ என்றால், ஸ்பிரிங் மொத்தம் 30 மி.மீ. அமுங்கியாக வேண்டும். ஷாக்கில் மாட்டும்போதே 10 மி.மீ. அமுக்கித்தான் மாட்டியிருக்கிறார்கள். ஆகவே நீ ஏறி உட்கார்ந்தால் வண்டி இறங்குவது 20 மி.மீ. இப்போது ரிங்கை 5 மி.மீ. ஏற்று. முன்னமுக்கம் 15 ஆகிறது, வண்டி இறங்குவதும் 15 ஆகிறது. கூட்டிப் பார்: அதே 30. ஸ்பிரிங் முன்பு எவ்வளவு அமுங்கி இருந்ததோ அவ்வளவேதான் இப்போதும். உன் சீட் மட்டும் 5 மி.மீ. உயர்ந்துவிட்டது.

அடுத்து ஒரு மேடு வருகிறது, கூடுதலாக 80 கிலோ அழுத்துகிறது. ரிங் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் 20 மி.மீ.தான் அமுங்கும். எங்கே கெட்டியானது?

'ஆனால் ஓட்டிப் பார்த்தால் கெட்டியாகத்தானே இருக்கிறது சார்' என்பாய். இருக்கும். ரிங்கை மேலே ஏற்ற ஏற்ற, சக்கரம் கீழே இறங்குவதற்கான மிச்ச தூரம் குறைகிறது. பள்ளம் வந்ததும் சக்கரம் கொஞ்சம் இறங்கி, ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு, மேல் நிறுத்தத்தில் 'டக்' என்று தட்டும். அந்தத் தட்டலைத்தான் எல்லோரும் கெட்டி என்கிறார்கள். சுற்றுகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும் ஸ்பிரிங்குக்கு மேலே போட்ட கணக்கில் கொஞ்சம் விலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நீ நாளை என்னையே மடக்குவாய்.

அப்படியானால் உன் எடைக்கு ஸ்பிரிங் சரியா என்று எப்படித் தெரியும்? அளந்து. உங்கள் வண்டியின் ஷாக்குக்கு மேல் தகரக் குழாய் மூடியிருப்பதால் கம்பியைப் பார்க்க முடியாது. பின் ஆக்ஸில் நட்டின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள். மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது ஓர் அளவு. ஸ்டாண்டை எடுத்து, வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது இரண்டாவது. நீ ஹெல்மெட்டோடு ஏறி, காலை ஃபுட்ரெஸ்டில் வைத்து நேராக உட்கார்ந்தபின் மூன்றாவது. ஒருவர் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் டேப் பிடிக்க வேண்டும்; தம்பியைக் கூப்பிடு. ஒவ்வொரு முறையும் வண்டியை இரண்டு தடவை அமுக்கி விட்டுப் பிறகு அள. பழைய புஷ்கள் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும்.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 80 மி.மீ. என்றால் 20 முதல் 27 வரை. இதை ரிங்கால் கொண்டுவந்துவிடலாம், அதற்குத்தான் ரிங். எனக்குப் பிடித்தது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம். அது உன் எடையால் மட்டும் வண்டி இறங்கும் தூரம். ஆளில்லாத வண்டி கொஞ்சமாவது இறங்கி நிற்கும்வரை, ரிங்கை எத்தனை படி திருகினாலும் அது மாறாது. உன் பங்கு 50 கிலோ, ஸ்பிரிங்குகள் இரண்டும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 4 கிலோ என்றால் பன்னிரண்டரை மி.மீ., அந்தப் படிகள் எதிலும். ரிங்கைத் திருகி மொத்த இறக்கத்தைச் சரி செய்தபின், ஆளில்லாத வண்டி துளியும் இறங்காமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் உனக்கு மெத்தென்று இருக்கிறது என்று பொருள். தலைகீழாகத் தோன்றும். யோசித்துப் பார், சரியாக வரும். ஆளில்லாமலே நிறைய இறங்கி, நீ ஏறியபின் கொஞ்சம்தான் இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் உனக்கு அதிகக் கெட்டி.

கெட்டித்தனத்தை ஸ்பிரிங் மாற்றாமலே நிஜமாக மாற்ற ஒரு வழி இருந்தது. ஃபில் இர்விங் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளரின் 'மோட்டார்சைக்கிள் எஞ்சினியரிங்' புத்தகத்தைத் தேடிப் படி. வின்சென்ட் வண்டிகளின் வி-ட்வின் எஞ்சினுக்குப் பின்னால் இருந்த மூளை அவர். வெலோசெட்டிலும் வேலை பார்த்தவர். பர்மிங்ஹாமில் செய்த அந்த வெலோசெட்டின் வெனம், வைப்பர் மாடல்களில், ஷாக்கின் மேல்முனையை வளைந்த ஒரு நீள்துளையில் மாட்டியிருப்பார்கள். நட்டைத் தளர்த்தி முனையை முன்னே தள்ளினால் ஷாக் சாயும், தனியாக ஓட்ட மெத்தென்று இருக்கும். பின்னால் இழுத்து நிமிர்த்தினால் இரண்டு பேருக்குத் தாங்கும். ஸ்விங் ஆர்முக்குச் செங்குத்தாக நிற்கும் ஸ்பிரிங் முழு பலத்தையும் தரும்; 30 டிகிரி சாய்ந்தால் முக்கால் பங்கு; 45 டிகிரியில் பாதிதான். கொசைனின் வர்க்கம், வேறொன்றுமில்லை. எவ்வளவு எளிய ஏற்பாடு! இதைப் பார்த்தபின் ரிங்கை எவனாவது புகழ்ந்தால் எனக்குப் பொறுக்காது.

இதனால்தான் சென்னை ஜி.பி. ரோடு கடையில் 'வேறு வண்டியின் ஷாக் இதில் அப்படியே உட்காரும் சார்' என்றால் நம்பாதே. போல்ட் துளையில் உட்காரும். ஆனால் அந்த ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தவர்கள் வேறு சாய்வுக்கும் வேறு எடைக்கும் தேர்ந்தெடுத்தார்கள்.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீளமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஷாக்கின் உள்ளே சிறு துளைகள் வழியே ஆயில் நெருக்கித் தள்ளப்படும்போதுதான் ஸ்பிரிங்கின் ஆட்டம் அடங்குகிறது. தொடர்ந்து குலுங்கினால் ஆயில் சூடாகி, காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த மோர் துளையில் சுலபமாக ஓடிவிடும் இல்லையா, அதுபோல் பிடிமானம் போய்விடும். நைட்ரஜனை அழுத்தி வைத்தால் நுரைப்பது குறையும். அவ்வளவுதான் அதன் வேலை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் வண்டிக்கு அது உயிர்ப்பிரச்சினை இல்லை. மலிவு விலையில் பளபளவென்று தொங்கும் டப்பாக்களில் பல வெறும் அலங்காரம். உள்ளே ஷாக்குக்கும் டப்பாவுக்கும் வழியே இருக்காது. நல்ல ஆயில் ஷாக் போதும். கேஸ் இல்லாத இரட்டைக்குழாய் வகை என்றால் கடையில் படுத்தே கிடந்திருக்கும், உள்ளே காற்று ஏறியிருக்கும். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து, முழு நீளத்துக்கு நாலைந்து தடவை அமுக்கி இழுத்து விடு.

நீளத்தில் கை வைக்காதே. பின்பக்கம் தூக்கினால் அழகு என்று உன் வயதுப் பையன்கள் ஒரு அங்குலம் நீளமாகப் போடுகிறார்கள். முன் ஃபோர்க் செங்குத்தாகி, ஹாண்டில் லேசாகி, வேகத்தில் அலையும். மெயின் ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாது. செயின் தளர்வும் மாறிவிடும். எஞ்சின் பக்க ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகமாக இறுகும் என்பதை நினைவில் வைத்துப் புதிய ஷாக் போட்டபின் மறுபடி பார்த்துவிடு.

பின்பக்கம் தளர்வாக இருந்தால் பிடிமானம் போகும் என்பதும் பழைய பயம். 1948இல் புல்லட்டின் மாதிரி வண்டிகள் ஸ்விங் ஆர்மோடு இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை ட்ரயல்ஸ் போட்டிக்கு வந்தபோது, பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத வண்டிதான் சேற்றில் பிடிக்கும் என்று நம்பியவர்கள் ஏராளம். 1952இல் ஜானி பிரிட்டன் புல்லட்டில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரயலை வென்றார். அதற்குப் பிறகும் கெட்டிதான் பிடிக்கும் என்று வாதாடுகிறவர்களை நான் புதுப்பேட்டையில் பார்த்திருக்கிறேன்.

ஷாக் வாங்குவதற்கு முன் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷைப் பார். மெயின் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு. சக்கர பேரிங்கில் ஆட்டமில்லை என்று உறுதி செய்த பிறகும் 'கடக்' என்றால் குற்றம் ஷாக்கில் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வண்டி வளைவில் ஆடத்தான் செய்யும். ஒரு பக்கம் மட்டும் ஆயில் கசிகிறது, அதை மட்டும் மாற்று என்று யாராவது சொன்னாலும் கேட்காதே, ஜோடியாகவே மாற்று. இரண்டு பக்க ரிங்கும் ஒரே படியில் இருக்கட்டும்.

மூன்று அளவையும் அம்மா பின்னால் உட்கார்ந்தபின் நாலாவதையும் எடுத்து எழுதி அனுப்பு. கடைக்கு அப்புறம் போகலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்